குலுக்கலுக்கு முன்பே கைநழுவும் எல்கேஜி இடம்

"விண்ணப்பம் போட்டாச்சு, இனி எல்லாம் குலுக்கல் கையில்தான்." கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் 25 சதவீத இடம் கேட்கும் பெற்றோர் வழக்கமாகச் சொல்வது இது. ஆனால் எத்தனையோ குழந்தைகளின் பெயர் அந்தக் குலுக்கல் வரைக்கும் போவதே இல்லை. பிறந்த தேதி ஒருநாள் தள்ளிப்போனது, சான்றிதழில் பெயர்க் கட்டம் காலியாக இருந்தது, முகவரி சொந்த ஊரிலேயே நின்றுபோனது என்று ஏதாவது ஒரு காரணத்தில் விண்ணப்பம் அதற்கு முன்பே விழுந்துவிடுகிறது. அதிர்ஷ்டம் நம் கையில் இல்லை. இவை எல்லாம் நம் கையில் இருப்பவை. மூன்று வயதுக் குழந்தைக்குச் சட்டம் கொடுத்த இடம் ஒரு தாளின் குறையால் போவதைப் போல மனம் நோகும் விஷயம் வேறில்லை. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. கல்வி உரிமைச் சட்டம் (ஆங்கிலச் சுருக்கம் ஆர்.டி.இ.) 2009இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 12(1)(சி) பிரிவின்படி, சிறுபான்மையினர் நடத்தாத தனியார் சுயநிதிப் பள்ளிகள் தங்கள் நுழைவு நிலை வகுப்பில் குறைந்தது 25 சதவீத இடங்களை நலிவடைந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகளுக்குத் தர வேண்டும். அப்படிச் சேரும் குழந்தைக்கு எட்டாம் வகுப்பு முடியும் வரை கல்விக் கட்டணம் கிடையாது. அரசே அதைப் பள்ளிக்குத் திருப்பிக் கொடுக்கும். நுழைவு நிலையில் 60 குழந்தைகளைச் சேர்க்கும் பள்ளியில் 15 இடம். ஒரு பெரிய தெருவுக்கே 15 இடம்தான் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

"நுழைவு நிலை" என்ற சொல்லை நன்றாகக் கவனிக்க வேண்டும். எல்கேஜியில் தொடங்கும் பள்ளிக்கு நுழைவு நிலை எல்கேஜி. முதல் வகுப்பில்தான் தொடங்குகிறது என்றால் முதல் வகுப்பு. எல்கேஜி வைத்திருக்கும் பள்ளியில், "இப்போது அங்கன்வாடியில் இருக்கட்டும், ஒன்றாம் வகுப்புக்கு ஆர்.டி.இ.யில் போட்டுக்கொள்ளலாம்" என்று காத்திருந்தால் அந்தக் கதவு மூடிவிடும். சிறுபான்மைப் பள்ளிகள் இந்தச் சட்டத்துக்குள் வராது. 2012, 2014 ஆண்டுகளின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் அவற்றுக்கு விலக்கு அளித்துவிட்டன. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பெயர்பெற்ற பள்ளி பட்டியலில் ஏன் இல்லை என்று தேடுபவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் பதில்.

வயதுக் கணக்கு ஜூலை 31ஐ வைத்து. எல்கேஜிக்கு அந்தத் தேதியில் மூன்று வயது முடிந்திருக்க வேண்டும், நான்கு முடிந்திருக்கக் கூடாது. 2024-25 கல்வியாண்டுக்கு 1.8.2020 முதல் 31.7.2021 வரை பிறந்த குழந்தைகள் எல்கேஜிக்கு விண்ணப்பிக்கலாம் என்றும், 1.8.2018 முதல் 31.7.2019 வரை பிறந்தவர்கள் முதல் வகுப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்றும் இருந்தது. ஆண்டைக் கூட்டிக்கொண்டே போனால் உங்கள் குழந்தைக்கு எந்த ஆண்டு என்று தெரிந்துவிடும். 2021 ஜூலை 31ஆம் தேதி இரவு பிறந்த குழந்தை அந்த ஆண்டு உள்ளே. மறுநாள் விடிகாலை பிறந்த குழந்தைக்கு அடுத்த ஆண்டு. இதில் பள்ளியோ அதிகாரியோ இரக்கம் காட்ட வழியில்லை, கணினியே ஏற்காது. ஆகவே குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்போதே எந்த ஆண்டு உங்கள் ஆண்டு என்று நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். எல்கேஜியைப் பொறுத்தவரை ஒரே ஒரு ஆண்டுதான் வரும்.

பிறப்புச் சான்றிதழில் அந்தக் காலிக் கட்டம்

பிறந்த 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்துவிடுவார்கள். பெரும்பாலான வீடுகளில் அதற்குள் பெயர் முடிவாகியிருக்காது. தாய், தந்தை பெயர், பிறந்த இடம், தேதி எல்லாம் இருக்கும். "குழந்தையின் பெயர்" என்ற இடம் மட்டும் வெறுமையாக அச்சாகியிருக்கும். அதை மடித்துப் பீரோவில் வைத்துவிடுவோம். மூன்று ஆண்டு கழித்து ஏப்ரல் மாதத்தில் வெளியே எடுக்கும்போதுதான் அந்தக் கட்டம் கண்ணில் படும்.

பதிவு செய்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் பெயரைச் சேர்க்கக் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகும், 15 ஆண்டு வரை, தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். சிக்கல் பணத்தில் இல்லை, இடத்தில் இருக்கிறது. பிறப்பைப் பதிவு செய்த அலுவலகத்தில்தான் பெயரைச் சேர்க்க முடியும். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தால், பதிவு அந்த ஊர் நகராட்சியிலோ பேரூராட்சியிலோ இருக்கும். கோவையில் குடியிருப்பவர் திருநெல்வேலிக்கு ஒரு நடை போய்வர வேண்டியிருக்கும். விண்ணப்பம் தொடங்கிய பிறகு அந்தப் பயணத்தை வைத்துக்கொண்டால் நாட்கள் போதாது.

பெயரைச் சேர்க்கும்போது இன்னொன்று. ஒருமுறை பதிவேட்டில் ஏறிய பெயரை மாற்றுவது பெரும்பாடு. எனவே எழுதிக் கொடுக்கும் தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துக்கு எழுத்துத் தெளிவாக எழுதுங்கள். தர்ஷினி என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் "டி"யோடு "எச்" வருமா, வராதா? கடைசியில் "ஐ" ஒன்றா, "இ" இரண்டா? பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் மூன்றாவது மாதிரி என்றால் பள்ளிச் சேர்க்கையில் தொடங்கும் குழப்பம் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் வரை கூடவே வரும். இனிஷியலும் அப்படித்தான். பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் தனிக் கட்டத்தில் இருப்பதால் குழந்தை பெயரோடு இனிஷியல் இருக்காது. ஆதாரில் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும். பள்ளிப் பதிவேட்டில் முன்னால் வரும். அது பொறுத்துக்கொள்ளக்கூடிய வேறுபாடு. பெயரின் எழுத்துகளே மாறினால்தான் ஆபத்து.

எதை எதற்கு ஏற்ப மாற்றுவது என்று பலர் தடுமாறுவார்கள். பிறப்புச் சான்றிதழை மூலமாக வைத்துக்கொள்ளுங்கள், மற்றவற்றை அதற்கு ஏற்பத் திருத்துங்கள். 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறப்பு இறப்புப் பதிவுத் திருத்தச் சட்டத்தின்படி, அந்தத் தேதியிலோ அதற்குப் பின்னோ பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை உள்ளிட்டவற்றில் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும், பிறந்த தேதியை ஒரே ஒரு முறையும்தான் மாற்றலாம். அந்த ஒரு வாய்ப்பை அவசரத்தில் வீணாக்கிவிடாதீர்கள்.

ஆதார் இல்லை என்பதற்காகக் குழந்தையைச் சேர்க்க மறுக்க முடியாது. 2018 செப்டம்பர் 26ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. வயதுச் சான்று இல்லை என்பதற்காகவும் மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்கிறது. உரிமை இருக்கிறது என்பது வேறு, 25 சதவீத இடத்துக்கான இணைய விண்ணப்பம் தடையில்லாமல் நகர்வது வேறு. முடிந்தால் கையில் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

சாதிச் சான்றா, வருமானச் சான்றா

இங்கேதான் தேவையில்லாத அலைச்சல் அதிகம். இரண்டு பெரும் பிரிவுகள் இருக்கின்றன. ஒன்று, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர்: பிற்படுத்தப்பட்டோர், பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர், ஆதிதிராவிடர், பழங்குடியினர். இவர்களுக்கு வருமான வரம்பு இல்லை. சாதிச் சான்றிதழ் போதும். இன்னொன்று, நலிவடைந்த பிரிவினர்: எந்தச் சாதியாக இருந்தாலும் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும், இதற்கு வருமானச் சான்றிதழ். பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவர் முதல் பிரிவில் விண்ணப்பிக்கும்போது வருமானச் சான்றுக்காகக் கிராம நிர்வாக அலுவலரைத் தேடி அலைய வேண்டியதில்லை. முற்பட்ட வகுப்பினருக்கோ வருமானச் சான்று இல்லாமல் வழியே இல்லை.

இந்த இரண்டுக்கும் முன்னால் நிற்பவர்கள் சிலர்: ஆதரவற்ற குழந்தைகள், எச்.ஐ.வி. பாதிப்புக்குள்ளானவர்கள், மூன்றாம் பாலினத்தவர், துப்புரவுத் தொழிலாளர்களின் குழந்தைகள், மாற்றுத்திறனாளிக் குழந்தைகள். இவர்களுக்குக் குலுக்கல் கிடையாது, முதலிலேயே இடம் ஒதுக்கப்படும். தூய்மைப் பணி செய்யும் பெற்றோர் பலருக்கு இந்த முன்னுரிமை இருப்பதே தெரியாது என்பதுதான் வருத்தம். உங்கள் தெருவைக் கூட்டும் அக்காவுக்கு மூன்று வயதில் குழந்தை இருந்தால் இதைச் சொல்லிவிடுங்கள்.

சான்றிதழ்களை இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் 60 ரூபாய். முதலில் "கேன்" எண் (விண்ணப்பிப்பவரை அடையாளம் காட்டும் எண்) பதிவு செய்வார்கள். ஆதாரோடு இணைந்த கைபேசிக்கு ஓ.டி.பி. வரும், எனவே அந்தக் கைபேசியோடு போக வேண்டும். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக மேலே போகும். பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்புகளுக்குத் துணை வட்டாட்சியரும், ஆதிதிராவிடருக்கு வட்டாட்சியரும், பழங்குடியினருக்கு வருவாய்க் கோட்டாட்சியரும் சான்றிதழ் தருவார்கள். பழங்குடிச் சான்றுக்கு நேரடி விசாரணை இருப்பதால் அதற்கு வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில் ஆகும். முந்தைய ஆண்டிலேயே தொடங்கிவிட வேண்டும். குழந்தையின் பெயரிலேயே சாதிச் சான்று எடுத்துவிடுவது நல்லது. எப்படியும் பின்னால் தேவைப்படும்.

திருப்பி அனுப்பப்படும் விண்ணப்பங்களில் கணிசமானவை ஸ்கேன் சரியில்லாததால் வருபவை. கைபேசியில் எடுத்த படத்தில் கை நிழல் விழுந்திருக்கும், ஓரத்தில் சான்றிதழ் எண் வெட்டுப்பட்டிருக்கும், பெற்றோரின் பழைய அட்டைச் சான்றிதழில் முத்திரை மங்கியிருக்கும். மையத்தில் இருப்பவர் அவசரத்தில் ஏற்றிவிடுவார். ஏற்றுவதற்கு முன் திரையில் பெரிதாக்கிக் காட்டச் சொல்லிப் பாருங்கள். பெயர், எண், தேதி, முத்திரை நான்கும் படிக்க முடிகிறதா? அரை நிமிட வேலைதான்.

விண்ணப்பிக்கும் நாள்

2023இல் ஏப்ரல் 20 முதல் மே 18 வரை, 2024இல் ஏப்ரல் 22 முதல் மே 20 வரை விண்ணப்ப இணையதளம் திறந்திருந்தது. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. வீட்டிலிருந்தே போடலாம், வட்டார, மாவட்ட, முதன்மைக் கல்வி அலுவலகங்களிலும், வட்டார வள மையங்களிலும் இலவசமாகப் போட்டுத் தருவார்கள். "500 ரூபாய் கொடுங்கள், இடம் உறுதி" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். உறுதி என்று சொல்ல யாராலும் முடியாது.

பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். வீட்டின் இடத்தை வரைபடத்தில் குறிக்கும்போது நிதானம் தேவை. கணினி மையத்தில் உட்கார்ந்து போடும்போது, புள்ளி அந்த மையம் இருக்கும் இடத்திலேயே நின்றுவிடலாம். அங்கிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளிகள் பட்டியலில் வரும். உங்கள் வீட்டு முகவரியோ வேறெங்கோ இருக்கும். சரிபார்ப்பின்போது இரண்டும் ஒத்துப்போகாமல் விண்ணப்பம் தள்ளுபடியாகும். தெரு முனை, கோயில், தண்ணீர்த் தொட்டி என்று அடையாளம் பார்த்துப் புள்ளியை உங்கள் வீட்டு வாசலுக்கு நகர்த்துங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு முகவரிதான் பெரிய தலைவலி. ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் ஊரில் இருக்கும். சென்னையில் ஆறு ஆண்டு குடியிருந்தாலும் காகிதத்தில் அவர்கள் இன்னும் விழுப்புரத்துக்காரர்கள். தைப்பொங்கலுக்குள் பெற்றோரில் ஒருவரின் ஆதார் முகவரியையாவது, முடிந்தால் ரேஷன் கார்டையும், இப்போது இருக்கும் வீட்டுக்கு மாற்றிவிட்டால் ஏப்ரலில் தூக்கம் கெடாது.

ஒரே பள்ளியோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் வேறு பள்ளிகளையும் சேருங்கள். எல்லோரும் மோதும் பள்ளியில் 15 இடத்துக்கு நூறு பேர் நிற்கும்போது, இரண்டு தெரு தள்ளியிருக்கும் சின்ன நர்சரி பள்ளியில் இடம் நிரம்பாமல்கூடப் போகலாம். அந்தப் பள்ளிக்குப் போய் வகுப்பறையையும் கழிப்பறையையும் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பெயர்ப்பலகையை விட அது அதிகம் சொல்லும். விண்ணப்பம் முடிந்ததும் வரும் பதிவு எண்ணை எழுதி வையுங்கள், ஒப்புகைத் தாளை அச்செடுங்கள். கொடுத்த கைபேசி எண்ணைப் பள்ளி திறக்கும் வரை மாற்ற வேண்டாம்.

பலகையில் ஒட்டும் பட்டியல்

குலுக்கலுக்கு முன், தகுதியானவர்கள், தகுதி இல்லாதவர்கள் என்ற இரண்டு பட்டியலும் இணையத்திலும் பள்ளித் தகவல் பலகையிலும் வெளியாகும். நிராகரிப்புக்கான காரணமும் இருக்க வேண்டும். இந்த ஒரு நாளைத்தான் பெரும்பாலானோர் தவறவிடுகிறார்கள். குறுஞ்செய்தி வரும் என்று காத்திருக்காமல் நேரில் போய்ப் பாருங்கள். "ஆவணம் தெளிவில்லை" என்று இருந்தால் அசல் சான்றிதழோடு அன்றைக்கே வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கோ, தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கோ எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னதற்கு மறுநாள் ஆதாரம் இருக்காது. 14417 என்ற பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண்ணும் இருக்கிறது.

இடங்களை விட விண்ணப்பம் அதிகமாக இருந்தால் பள்ளியிலேயே, அதிகாரிகள் முன்னிலையில், பெற்றோர் பார்க்கக் குலுக்கல் நடக்கும். 2024இல் அது மே 28ஆம் தேதி. போக முடிந்தால் போங்கள், பார்ப்பது உங்கள் உரிமை. காத்திருப்போர் பட்டியலில் பெயர் வந்தாலும் நம்பிக்கை இழக்க வேண்டாம். ஒரே குழந்தைக்கு இரண்டு பள்ளியில் கிடைத்து ஒன்றை விடும்போது அந்த இடம் கீழே இறங்கும். இடம் கிடைத்தவர்கள் சொன்ன தேதிக்குள் அசல் ஆவணங்களோடு போய்ச் சேர்த்துவிட வேண்டும்.

சேர்க்கையின்போது குழந்தைக்குத் தேர்வு வைப்பதோ, பெற்றோரை நேர்காணல் செய்து தேர்ந்தெடுப்பதோ 13ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறை 25,000 ரூபாய் வரை, அதன் பிறகு ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரை அபராதம். நன்கொடை வாங்கினால் வாங்கிய தொகையைப் போல் பத்து மடங்கு வரை அபராதம். ஆர்.டி.இ. குழந்தைகளைத் தனி வகுப்பில் உட்கார வைக்கவும் கூடாது. பணம் தொடர்பாக வரும் சண்டை பெரும்பாலும் பாடப்புத்தகம், சீருடை, நோட்டுகளைப் பற்றித்தான். கல்விக் கட்டணம் அரசு தருகிறது, மற்றவற்றுக்கு நீங்கள் கட்டுங்கள் என்பார்கள். எதைக் கட்டினாலும் எந்தத் தலைப்பில் என்று எழுதிய ரசீது இல்லாமல் கட்டாதீர்கள். ரசீதில் "கல்விக் கட்டணம்" என்ற சொல் இருந்தால் அதுவே உங்கள் புகாருக்கான ஆதாரம். பள்ளிப் பேருந்துச் செலவைக் குடும்பமே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளிக்கு நடந்து போகலாம்.

2025-26இல் இந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது. பள்ளிக் கல்விக்கான ஒன்றிய அரசின் சமக்ர சிக்ஷா திட்ட நிதி நிறுத்தப்பட்டதால் ஏப்ரல், மே மாதங்களில் தளம் திறக்கவே இல்லை. அக்டோபரில்தான் சேர்க்கை தொடங்கியது. அதற்குள் பள்ளிகள் திறந்து நான்கு மாதம் ஆகிவிட்டதால், ஏற்கெனவே அந்தப் பள்ளிகளில் சேர்ந்திருந்த குழந்தைகளில் தகுதியுள்ளவர்களுக்குத்தான் பயன் கிடைத்தது. கட்டணம் கட்ட முடியாமல் வெளியே காத்திருந்த குடும்பங்களுக்கு அந்த ஆண்டு போனது போனதுதான். எட்டும் தூரத்தில் இருப்பவர்களைத் தாங்கி, எட்டாதவர்களை விட்டுவிட்ட ஏற்பாடு அது. எவ்வளவு நியாயம் சொன்னாலும் மனம் ஒப்பவில்லை.

அதனால் இரண்டாவது ஏற்பாடு எப்போதும் வேண்டும். அரசுப் பள்ளிச் சேர்க்கை 2024, 2025 இரண்டு ஆண்டுகளிலும் மார்ச் 1ஆம் தேதியே தொடங்கியது. ஒன்றாம் வகுப்புக்கு ஜூலை 31இல் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். குலுக்கல் கிடையாது, தொலைவுக் கணக்குப் பார்த்துத் திருப்பி அனுப்பவும் மாட்டார்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அரசு தொடக்கப் பள்ளிகளில் இருக்கிறது. அருகில் அங்கன்வாடியோடு இணைந்த எல்கேஜி, யூகேஜி உள்ள பள்ளி இருந்தால் இன்னும் நல்லது. 2019இல் 2,381 மையங்களில் அவை தொடங்கப்பட்டன. கேந்திரிய வித்யாலயாவை மனதில் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அங்கே ஒன்றாம் வகுப்புக்கு மார்ச் 31இல் ஆறு வயது முடிந்திருக்க வேண்டும். மாநிலக் கணக்கில் ஐந்து வயதில் ஒன்றாம் வகுப்புக்கு வந்த குழந்தை அங்கே போனால் மறுபடி அதே வகுப்பில் உட்கார நேரிடும்.

இடையில் பள்ளி மாற நேர்ந்தால், மாற்றுச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். எமிஸ் எனப்படும் மாணவர் பதிவுத் தளத்தில் பழைய பள்ளி குழந்தையின் பதிவைக் "காமன் பூல்" என்ற பொதுப் பகுதிக்கு அனுப்பினால்தான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். கட்டண பாக்கியைக் காரணம் காட்டி மாற்றுச் சான்றிதழை நிறுத்தி வைப்பதையும், பாக்கி இருக்கிறது என்று அதிலேயே எழுதுவதையும் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் கண்டித்திருக்கிறது. ஆர்.டி.இ.யில் சேர்ந்த குழந்தை வேறு தனியார் பள்ளிக்குப் போனால் அந்த இலவச இடம் கூடவே வராது. வீடு மாற்றும் முன் இதை யோசியுங்கள்.

எட்டாம் வகுப்பு முடியும்போது இன்னொரு முடிவு காத்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து அதே பள்ளியில் முழுக் கட்டணம். ஏழாம் வகுப்பிலேயே அந்தப் பள்ளியின் ஒன்பது, பத்தாம் வகுப்புக் கட்டணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கட்ட முடியாது என்று தெரிந்தால் ஒன்பதாம் வகுப்புத் தொடக்கத்திலேயே அரசுப் பள்ளிக்கு மாற்றுவது நல்லது, பத்தாம் வகுப்பில் வேண்டாம். எட்டு வரை ஆர்.டி.இ.யில் படித்து 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படிப்பவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. பெண் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் உண்டு. ஆனால் அந்த மாணவர் ஆர்.டி.இ.யில்தான் படித்தார் என்று பழைய பள்ளி எழுதித் தர வேண்டும். மாற்றுச் சான்றிதழ் வாங்கும் அன்றைக்கே, தலைமை ஆசிரியரின் கையொப்பத்தோடும் பள்ளி முத்திரையோடும், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை 12(1)(சி) பிரிவில் படித்தார் என்ற சான்றையும் கேட்டு வாங்கி, எல்கேஜி ஒப்புகைத் தாள் இருக்கும் அதே கோப்பில் வைத்துவிடுங்கள்.